முழு உருவப் படம் கேட்கிறார்கள், அக்கா

மூன்று நாட்களுக்கு முன்பு, இரவு பத்து மணிக்கு மேல், ஒரு தங்கையிடமிருந்து செய்தி வந்தது. எம்.எஸ்சி., பி.எட். படித்தவள். தென்காசிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறாள். பிறவியிலேயே வலது முழங்கைக்குக் கீழே கை வளரவில்லை. இடக்கையால் எழுதுகிறாள். வளைகுடாவில் இரண்டு இந்தியப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். "ஒரு பள்ளியில் முழு உருவப் படம் கேட்கிறார்கள், அக்கா. துப்பட்டாவைக் கைமேல் போட்டு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதை அனுப்பட்டுமா, கை தெரிகிற படத்தை அனுப்பட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனது. அவளிடம் கேட்டுக்கொண்டு அதைப் பொதுவில் வைக்கிறேன்.

எனக்குப் பதினொரு மாதத்தில் போலியோ வந்தது. நான் 1983-இல் பிறந்தவள். நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 1995-இல் தொடங்கியபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்ற உலோகத் தாங்கி போட்டிருப்பேன். உட்காரும்போது முழங்கால் பூட்டை விரலால் மேலே தூக்கிவிட வேண்டும். எழுந்து காலை நீட்டினால் அது 'டக்' என்று தானே விழுந்து பூட்டிக்கொள்ளும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அது கேட்டதும் பேச்சு அடங்கிவிடும். டீச்சர் கரும்பலகைக்கு வருகிறார் என்று அதற்குப் பொருள்.

2012-இல் நானும் இடுப்புக்கு மேல் எடுத்த படத்தைத்தான் அனுப்பினேன். வளைகுடாப் பள்ளி ஒன்றுக்குக் கணித ஆசிரியை தேவை என்று சென்னை ஏஜென்சி ஒன்று விளம்பரம் செய்திருந்தது. ஸ்கைப்பில் நேர்காணல் நடந்தது. இருபடிச் சமன்பாட்டை ஒன்பதாம் வகுப்புக்கு எப்படித் தொடங்குவீர்கள் என்று கேட்டார்கள். இருபது நிமிடம் சொன்னேன். மறுநாளே தேர்வாகிவிட்டதாகத் தகவல் வந்தது. கையெழுத்துப் போட ரயிலேறிப் போனேன். இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை. படியேறி உள்ளே நுழைந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் பூட்ஸைப் பார்த்தார். அவர் கையில் என் பணி நியமனத் தாள் இருந்தது. அதை என் கண்முன்னே இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெடிக்கலில் நிற்காது. அப்படியே நின்றாலும் பெற்றோர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றார்.

அந்த இரண்டு காரணங்களையும் பற்றி இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மெடிக்கல். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான சோதனையில் பெரும்பாலும் தேடுவது காசநோய், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி போன்ற தொற்றுகளைத்தான். ஆனால் தகுதியின்மைப் பட்டியலில் 'உடல் குறைபாடுகள்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தவை நிறக்குருடும் காது கேளாமையும். கால் பற்றியோ கை பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஒரு கணித ஆசிரியைக்கு நிறக்குருடு இருந்தால் என்ன கெட்டுவிடும் என்பதை யாரும் எனக்கு விளக்கியதில்லை. எது தகுதி, எது தகுதியின்மை என்று தெளிவாகச் சொல்லாத இப்படிப்பட்ட ஒரு வரி போதும், சோதனைக்கூட வாசலைக்கூட மிதிக்க விடாமல் ஓர் ஏஜென்ட் நம்மைத் திருப்பி அனுப்புவதற்கு. என்னை எந்த மருத்துவரும் தகுதியற்றவள் என்று சொல்லவில்லை. எந்த மருத்துவரிடமும் நான் அனுப்பப்படவே இல்லை.

அடுத்தது பெற்றோர். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யார்? நம்மவர்கள். நிர்வாகம்? நம்மவர்கள். முதல்வர், ஏஜென்ட் எல்லாரும் நம்மவர்களே. என்னை வேண்டாம் என்று சொன்னவர்களில் ஓர் அரபியர்கூடக் கிடையாது. "வெளிநாட்டில் எடுக்க மாட்டார்கள்" என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வெளிநாடு பெரும்பாலும் சென்னையில் ஒரு மேசைக்குப் பின்னாலேயே முடிந்துவிடுகிறது. இதைச் சொல்வதால் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

பெயர் சூட்டுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 முதல் 'மனவுறுதி கொண்ட மக்கள்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். இரண்டுமே அன்போடு வைத்த பெயர்கள்தாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் விளம்பரத்தின் கடைசி வரியில் 'நல்ல உடற்தகுதியும் தோற்றமும் அவசியம்' என்று இருக்கும்வரை எனக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றுதான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அமீரகமும் மாலத்தீவும் 2010-இல் ஏற்றன. வேலை உரிமை பற்றிய 27-ஆம் பிரிவை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது 24-ஆம் பிரிவின் நான்காம் பத்தி. கல்வியைப் பற்றிச் சொல்லும் இடத்தில், ஆசிரியர்களை நியமிக்கும்போது மாற்றுத்திறன் கொண்ட ஆசிரியர்களையும் சேர்த்தே நியமிக்க வேண்டும் என்று நாடுகளுக்குச் சொல்கிறது. ஊனமுள்ள பிள்ளையை வகுப்பில் உட்காரவைப்பதோடு நம் கருணை நின்றுவிடுகிறது. அதே பிள்ளை வளர்ந்து கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றால் ஏற்க மனம் வருவதில்லை.

பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. வேலை தருகிறோம் என்று சொல்லும்வரை விண்ணப்பித்தவரின் உடல்நிலையைப் பற்றி வேலை தருபவர் பொதுவாகக் கேட்கக் கூடாது. அந்த வேலையின் அடிப்படைப் பணியைச் செய்ய முடியுமா என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முதலில் பாடம், பிறகுதான் உடம்பு. அங்கே நடைமுறையில் பாகுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்கும் வரிசையைச் சட்டமே மாற்றிவைத்திருக்கிறது.

எனக்குக் கதவு திறந்தது மாலத்தீவில். 2013 கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு ஹோட்டல் அறையில் நேர்காணல். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. நடந்து போய், பூட்டைத் தூக்கி, நாற்காலியில் உட்கார்ந்தேன். தெற்கே ஒரு சிறிய தீவின் பள்ளி முதல்வர் வந்திருந்தார். பாடம் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். "தோணியிலிருந்து படகுத்துறைக்கு எப்படி ஏறுவீர்கள்? தொடர்ந்து எத்தனை பாடவேளை நிற்க முடியும்?" என்னிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்விகள். பக்கத்தில் பிடிக்க ஒரு கை வேண்டும் என்றேன். தொடர்ந்து மூன்று பாடவேளை, பிறகு அரை மணி நேரம் உட்கார வேண்டும், மாடிப்படி வேண்டாம் என்றேன். அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் கணித வேளைகள் தரைத்தளத்து அறை ஒன்றுக்கு மாற்றப்பட்டிருந்தன. ஒரு ரூஃபியா செலவில்லை. காலஅட்டவணையில் ஒரு கோடு அடித்து இன்னொரு கோடு போட்டார், அவ்வளவுதான். 'நியாயமான வசதி' என்று சட்டங்கள் சொல்வது பெரும்பாலும் இவ்வளவு சிறியதுதான்.

அங்கே எல்லாம் சுகம் என்று எண்ண வேண்டாம். தீவில் தெருக்கள் மணல். பூட்ஸ் புதையும். ஒரு கிலோமீட்டர் நடப்பது நம் ஊரில் மூன்று கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம். 'ஹுல்ஹங்கு' என்று அவர்கள் சொல்லும் தென்மேற்குப் பருவத்தில் தோணி துறையில் நிற்காமல் ஏறி இறங்கும் (அவர்களும் தோணியைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள், முதல் நாள் அதைக் கேட்டு அழுகையே வந்தது). அலை தூக்கும்போது நல்ல காலை வைக்க வேண்டும், இறங்கும்போது காத்திருக்க வேண்டும். உதவ வருபவர்கள் அன்பு மிகுதியால் இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பார்கள். வலது முன்கையை மட்டும் பிடியுங்கள், இழுக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடப் பழகிக்கொண்டேன்.

உப்புக் காற்றை நான் எதிர்பார்க்கவில்லை. நான்காம் மாதமே முழங்கால் பூட்டு துருவேறி இறுகிவிட்டது. ஒருநாள் வகுப்பில் உட்காரவும் முடியாமல் மேசையைப் பிடித்தபடி நின்றேன். மாலையில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் ஒருவர் வந்து மணல்தாளால் தேய்த்து, மசகு போட்டு, தளர்ந்த ஆணி ஒன்றை அடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதன்பிறகு தினமும் இரவு பூட்டைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் விடுவேன். தங்கைகளே, தம்பிகளே, காலிப்பரோ செயற்கைக் காலோ வைத்திருந்தால் கடலோர ஊருக்குப் போகும்போது கூடுதல் தோல் வார், ஆணி, எண்ணெய் எல்லாம் பெட்டியில் இருக்கட்டும். ஊரில் செய்துகொடுத்தவரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். அங்கே போய்த் தேட முடியாது.

பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று என்னைப் பயமுறுத்தியவர்கள் ஏராளம். முதல் நாள், முன்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். "மிஸ், உங்கள் காலுக்கு என்ன?" என்றான். போலியோ என்றேன். அந்தச் சொல்லே அவர்களுக்குப் புதிது. கிருமி எப்படி நரம்பைத் தாக்குகிறது என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போனேன். 2014 மார்ச் 27 வியாழக்கிழமை, இந்தியாவும் மாலத்தீவும் அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலத்தைப் போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அடுத்த வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை அதே பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று அந்தச் செய்தியை எனக்குச் சொன்னான். நல்ல செய்தியை டீச்சருக்கு முதலில் தான்தான் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்திருந்தான், மூச்சு வாங்கியது. ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தேன். என் காலைப் பற்றி ஒரு பெற்றோர்கூட முறையிடவில்லை.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். என் நண்பர்களில் சிலர், விசா கையில் வரும்வரை வாயைத் திறக்காதே என்பார்கள். அவர்கள் பட்ட அடி எனக்குத் தெரியும், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. வளைகுடாவில் விசா வேலை தருபவரோடு கட்டப்பட்டது. சென்னையில் இழுப்பறை மூடினால் நான் ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். அங்கே போய் இறங்கியபின் வேண்டாம் என்றால், கடன் வாங்கிப் போன ஒரு பெண் யாரிடம் போய் நிற்பாள்? ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்க வேண்டும். சேவைக் கட்டணம் சட்டப்படி அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். "மெடிக்கலைச் சரிசெய்ய" என்று என்னிடம் ஒருவர் தனியாகப் பணம் கேட்டார். அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

படம் கேட்காத இடத்தில் முதலில் பாடத்தைப் பேச விடு. மாதிரி வகுப்பு முடிந்ததும், ஒப்பந்தத்துக்கு முன்பு, நீயே சொல். என்ன குறை என்பதோடு நிறுத்தாதே. எப்படி வேலை செய்கிறாய், என்ன ஏற்பாடு வேண்டும் என்று சொல். ஆய்வகத்தில் ஒரு கையால் பியூரெட் என்ற அளவுக் குழாயை எப்படிப் பொருத்துகிறாய் என்று எனக்கு விளக்கினாயே, அதையே அவர்களிடமும் சொல். படம் கேட்டால் கை தெரிகிற படத்தையே அனுப்பு. துப்பட்டா போட்ட படத்தால் கிடைக்கும் வேலையில் ஒவ்வொரு நாளும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். படம் கேட்டது அவர்கள் தவறு. அதற்காக நீ ஒளிய வேண்டியதில்லை.

நேற்றிரவு படத்தை அனுப்பிவிட்டாள், கை தெரிகிற படத்தை. அந்தப் பள்ளியிலிருந்து இன்னும் பதில் இல்லை. படம் கேட்காத இன்னொரு பள்ளி வரும் சனிக்கிழமை இணையவழி மாதிரி வகுப்புக்கு அழைத்திருக்கிறது. மடிக்கணினியை மேசைமேல் முகத்துக்கு நேராக வைக்கவா என்று கேட்டாள். அறையின் அந்தக் கோடியில் வை என்றேன். நீ எழுந்து நடந்து வந்து பலகையில் எழுதுவது முழுவதும் தெரியட்டும்.