எண்ணூர்ச் சேற்றில் என்ன இருந்தது என்று எங்களுக்கும் காட்டுங்கள்

வடசென்னையை ஆராய்ச்சி செய்தவர்களுக்குக் குறைவே இல்லை. எண்ணூர் முகத்துவாரத்துச் சேறு, கொசஸ்தலை ஆற்று மீன், கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர், மணலிக் காற்று, பி அண்டு சி மில் தொழிலாளர்கள், கானா என்று எதை எடுத்தாலும் யாராவது ஆய்வு செய்திருப்பார்கள். தண்டையார்பேட்டையில் டி.டி.பி. கடை வைத்திருப்பதால் அதில் கொஞ்சம் என் கை வழியாகவே போயிருக்கிறது. தட்டச்சு, பிழைத்திருத்தம், ஹார்டு பைண்டிங், அட்டையில் தங்க எழுத்து. வாய்மொழித் தேர்வான வைவா முடிந்தால் ஒரு காப்பி டிபார்ட்மெண்ட் பீரோவுக்குப் போகும். சாவி யாரிடம் என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

என் கட்சி இதுதான்: ஊர்க்காரர்களின் தண்ணீரையும் பேச்சையும் எடுத்துச் செய்த ஆய்வு, ஊர்க்காரர்களுக்குக் காசில்லாமல் இணையத்தில் கிடைக்க வேண்டும். பிஎச்.டி. மட்டுமல்ல, எம்.ஏ., எம்.எஸ்சி. புராஜெக்ட் வரைக்கும்.

படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இப்படி ஒன்று நடந்து இழப்பீடு என்று பேச்சு எடுத்தாலே எதிரில் வந்து நிற்கிற கேள்வி, "இதுக்கு முன்னாடி ஆறு எப்படி இருந்தது?" என்பதுதான். சேற்றில் அப்போது எவ்வளவு ஈயம், எவ்வளவு காட்மியம், என்னென்ன மீன் கிடைத்தது, இறால் எவ்வளவு? நாற்பது வருஷம் அந்த ஆற்றில் இறங்கியவருக்கு இது எல்லாமே தெரியும். ஆனால் அவர் வாயால் சொன்னால் "ஆதாரம் இருக்கா?" என்பார்கள். அந்த ஆதாரம், வருஷா வருஷம் மாணவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீரில் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் விவகாரத்தில் எண்ணூர் மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் 2022-ல் தீர்ப்பு வாங்கினார்கள். அப்படி நடையாய் நடப்பவர்களுக்கு ஒரு எம்.எஸ்சி. மாணவியின் பழைய அட்டவணை எவ்வளவு உதவும்!

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட விதிப்படி பிஎச்.டி. ஆய்வேட்டின் மென்பிரதியைப் பல்கலைக்கழகங்கள் கொடுக்க வேண்டும். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் என்ற மானியக் குழு மையம் அதை ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் ஏற்றுகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆய்வேடுகள், பணம் கட்ட வேண்டாம், பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனிலேயே படிக்கலாம். நம் அரசுகள் செய்த உருப்படியான காரியங்களில் இதைத் தாராளமாகச் சேர்ப்பேன்.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரே ஆய்வேடு சாப்டர் சாப்டராகத் துண்டு துண்டாகக் கிடக்கும். சில பக்கங்கள் கோணலாக ஸ்கேன் ஆகியிருக்கும். தமிழ் ஆய்வேடு என்றால் இன்னும் மோசம். பாமினி, வானவில் என்ற பழைய ஃபான்ட்டுகளில் அடித்ததை அப்படியே பிடிஎஃப் ஆக்கிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு வரியை எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அப்புறம் 'எண்ணூர்' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? எந்தக் கணினியிலும் தமிழாகவே தேட முடிகிற பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது 2010-ல். இன்றைக்கும் என் கடைக்கு வந்து "எங்க கைடு பழைய ஃபான்ட்லதான் கேக்கிறார்" என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கைடை எதிர்த்துப் பேச அவர்களால் முடியாது, என்னாலும் முடியாது. பல்கலைக்கழகம்தான் யூனிகோட் இல்லாத ஆய்வேட்டை வாங்க மாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கை விட வேண்டும்.

எம்.ஏ., எம்.எஸ்சி. புராஜெக்ட்டுகளுக்கு இந்த அளவுக்குக்கூடக் கதி இல்லை. நம் தெருவுக்குள் வந்து, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதியது பெரும்பாலும் இந்தச் சின்னப் பட்டக்காரர்கள்தான். பீரோ நிரம்பினால் பழைய காப்பி எடைக்குப் போகிறது.

ஆய்விதழ்களின் கதை வேறு. அரசே மொத்தமாகச் சந்தா கட்டி ஆய்விதழ்களைப் படிக்கக் கொடுக்கும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். நல்லதுதான். ஆனால் கதவு திறந்தது அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குள் இருப்பவர்களுக்கு. சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகள் முதல் கட்டத்தில் இல்லை. எண்ணூர் காட்டுக்குப்பத்து மீனவரும், அவருக்காக வாதாடும் வக்கீலும் அதில் இல்லை. நம் வரிப்பணத்தில் ஆராய்ச்சி, அதே வரிப்பணத்தில் சந்தா, நாம் போய்க் கேட்டால் மட்டும் இதழின் தளம் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடு என்கிறது.

திறந்து வைத்தால் காப்பி அடிப்பார்களே என்பார்கள். இப்போது மட்டும் அடிக்காமலா இருக்கிறார்கள்? பூட்டிய பீரோவிலிருந்து அடித்தால்தான் யாருக்கும் தெரியாது. எனக்கு நியாயமாகப் படும் தயக்கம் ஒன்று உண்டு. பேட்டி கொடுத்தவர்களின் பெயர், தெரு, நோய் விவரமெல்லாம் பின்னிணைப்பில் அப்படியே கிடக்கும். அதை நீக்காமல் ஏற்றக் கூடாது. ஆய்வைப் புத்தகமாகப் போட நினைப்பவருக்கு ஓரிரு வருஷம் அவகாசம் கொடுப்பதிலும் தவறில்லை.

பல்கலைக்கழகம் நகரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எழுதியவருக்குத்தான் பதிப்புரிமை. செனோடோ, இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொது இணையதளங்களில் உங்கள் புராஜெக்ட்டை நீங்களே இலவசமாக ஏற்றலாம். முதல் பக்கத்தில் எந்த இடம், எந்த மாதம், என்ன அளந்தோம், எவ்வளவு வந்தது என்று எளிய தமிழில் ஒரு பக்கம் சேர்த்துவிடுங்கள். வடசென்னையைப் பற்றிய வேலையாக இருந்தால் பழைய ஃபான்ட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தருவது என் பொறுப்பு, காசு வேண்டாம். மார்ச், ஏப்ரலில் மட்டும் வராதீர்கள், சப்மிஷன் கூட்டத்தில் எனக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது.