பால் ப்ராய்ஸ் கண்மூடித் துணிந்தவர் அல்ல

கயிறில்லாமல் பாறை ஏறும் வீடியோ ஒன்று பரவினால் போதும், யாராவது நூறு ஆண்டுக்கு முந்தைய மலையேறி பால் ப்ராய்ஸ் பெயரை இழுத்துவிடுகிறார்கள். "கயிறு வேண்டாம் என்றார், விழுந்து செத்தார்" என்று ஒரே வரியில் கதையை முடிக்கிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை.

1886-ல் ஆஸ்திரியாவின் ஆல்ட்டவுஸேயில் பிறந்தவர். சிறுவயதில் போலியோ போன்ற நோய் வந்து நடக்க முடியாமல் கிடந்த பையன். தேறி எழுந்து, தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கி, 27 வயதுக்குள் சுமார் 1,200 சிகரங்களும் பாறைகளும் ஏறினார். அதில் 300 தனியாக. 1911 ஜூலையில் வட இத்தாலியில் கம்பனீலே பாஸோ என்ற ஒல்லியான கற்கோபுரத்தின் கிழக்கு முகத்தில், அதுவரை யாரும் தொடாத வழியில், ஒற்றை ஆளாக ஏறினார்.

அதே ஆண்டுதான் அந்தப் பெரிய சண்டையும் தொடங்கியது. பாறையில் இரும்பு ஆணி அடித்து ஏறுவது சரியா? ஆபத்தில் உயிர் காக்க ஆணி இருக்கட்டும், அதை நம்பி ஏறாதே என்றார் ப்ராய்ஸ். தீத்தா பியாஸ் போன்ற பெரிய மலையேறிகளே எதிர்த்து எழுதினார்கள். ஆனால் அவர் வகுத்த ஆறு விதிகளைப் படித்தால் ஒன்று புரியும். கயிறில்லாமல் பத்திரமாக எதில் இறங்க முடியுமோ, அதுதான் நீ ஏறலாம் என்பதற்கு எல்லை. இது வீரம் பேசுகிறவன் வாயில் வரும் பேச்சா? 'உன்னால் திரும்ப முடியாத இடத்துக்குப் போகாதே' என்றுதானே சொல்கிறார்! பாதுகாப்பு தலையாய கொள்கைகளில் ஒன்று என்றும் அந்த விதிகளிலேயே இருக்கிறது.

கயிறு எப்போதும் காப்பாற்றாது என்பதை அவர் கண்ணாலும் பார்த்தார். 1912 ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் பகுதியில், வழி பார்க்க அவர் கயிறில்லாமல் முன்னால் போயிருந்தார். பின்னால் வந்த வழிகாட்டி தவறி விழ, அதே கயிற்றில் கட்டியிருந்த, ப்ராய்ஸுடன் ஏற வந்த ஜோன்ஸ் தம்பதியும் சேர்ந்தே விழுந்து இறந்தார்கள். திருமணமாகி இரண்டு வாரம்தான்.

1913 அக்டோபர் 3. ஆஸ்திரியாவின் மாண்டல்கோகல் சிகரத்தின் வடக்கு முகட்டில் தனியாக ஏறியபோது ப்ராய்ஸ் விழுந்தார், சுமார் 300 மீட்டர். அவர் வகுத்த விதிகள் அவரைக் காப்பாற்றவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. அதற்காக அவர் சொன்னது பிழையாகிவிடுமா?

அப்புறம் நடந்ததுதான் இன்னும் கொடுமை. அவர் தந்தை யூதர். 1920-களில் ஜெர்மானிய, ஆஸ்திரிய மலையேற்றச் சங்கங்கள் யூதர்களை வெளியே தள்ளின. ப்ராய்ஸ் பெயரும் மெல்ல மங்கியது. பல பத்தாண்டுகள் கழித்து அவரைப் பற்றி மறுபடி ஊருக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் புகழ்பெற்ற மலையேறி ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர்.