செருபாமு சென்செய்

(ஒசாகாவில் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. மாணவர் விடுதி அறையில், சோறு வேகும் குக்கருக்கும் ஆய்வுக் குறிப்புகளுக்கும் நடுவே செல்வம் உட்கார்ந்திருக்கிறான். திருத்துறைப்பூண்டியில் அப்போது மாலை ஆறு. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் திண்ணையில் விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கொசு விரட்டுகிறார். கைப்பேசி ஒலிக்கிறது.)

வாத்தியார்: யார் பேசுவது?

செல்வம்: வணக்கம் ஐயா. செல்வம் பேசுகிறேன்.

வாத்தியார்: எந்தச் செல்வம்? என்னிடம் படித்த செல்வமே பதினோரு பேர்.

செல்வம்: ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் ஆங்கிலத்தில் 34 வாங்கினேனே ஐயா. நீங்கள்கூட ஒரு மதிப்பெண் தர்மம் போட்டுத் தேற்றிவிட்டீர்கள்.

வாத்தியார்: அப்படிப் பார்த்தாலும் ஆறு பேர் மிஞ்சுகிறார்கள்.

செல்வம்: மாதம் 50 ரூபாய் டியூஷன் சம்பளத்தில் மூன்று மாதம் பாக்கி...

வாத்தியார்: அட, சைக்கிள் கடைக்காரர் மகனா! அதை முதலிலேயே சொல்லக்கூடாதா? நீ ஜப்பானில் படிப்பதாக உன் அப்பா சொன்னார். பாக்கியைப் பற்றித்தான் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வம்: ஐயா, ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். இங்கே ஒரு பையனுக்கு வீட்டுக்குப் போய் டியூஷன் எடுக்கிறேன்.

வாத்தியார்: நல்ல காரியம். என்ன பாடம், கணக்கா?

செல்வம்: ஆங்கிலம்.

(நீண்ட அமைதி. ஒரு கொசு அடிபடும் சத்தம்.)

வாத்தியார்: காதில் சரியாக விழவில்லை. என்ன பாடம் என்றாய்?

செல்வம்: ஆங்கிலம்தான் ஐயா.

வாத்தியார்: அந்த நாட்டில் போலீஸ் கிடையாதா?

செல்வம்: முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறேன் ஐயா. மாணவர் விசாவில் வந்தவர்கள் அனுமதி பெற்றால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நான் பார்ப்பது இரண்டே மணி நேரம். இந்த மாதிரிப் பகுதிநேர வேலைக்கு இங்கே 'அருபைத்தோ' என்று பெயர். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல்லாம்.

வாத்தியார்: ஆங்கிலம் சொல்லித்தரும் வேலைக்கு ஜெர்மன் பெயர். சொல்லித்தருகிறவன் திருத்துறைப்பூண்டிக்காரன். படிக்கிறவன் ஜப்பான்காரன். இதில் வெள்ளைக்காரன் எங்கே?

செல்வம்: அவர் சம்பளம் கூடுதலாகக் கேட்டாராம்.

வாத்தியார்: அதுதானே பார்த்தேன். பையன் என்ன படிக்கிறான்?

செல்வம்: ஐந்தாம் வகுப்பு. 2020 முதல் இங்கே தொடக்கப் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. மதிப்பெண் உண்டு. அதிலிருந்து பெற்றோருக்குத் தூக்கம் இல்லை.

வாத்தியார்: அந்த நோய் நம் ஊரிலிருந்துதான் கப்பலேறியிருக்கும். பையன் கெட்டிக்காரனா?

செல்வம்: தங்கமான பையன். ஆனால் முதல் நாளே என்னிடம் 'மக்கு' என்றான்.

வாத்தியார்: ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டானா? எனக்குக் காலாண்டு வரை பிடித்தது.

செல்வம்: அது திட்டு இல்லை ஐயா. மெக்டொனால்ட்ஸ் கடையைச் சொன்னான். ஒசாகாக்காரர்கள் அதைச் சுருக்கி 'மக்குடோ' என்பார்கள். டோக்கியோக்காரர்களுக்கு 'மக்கு'. இவர்கள் டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். பாடம் முடிந்ததும் மக்குவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறான்.

வாத்தியார்: மக்குவிடமே வந்துவிட்ட பிறகு தனியாக எதற்குப் போகவேண்டும்? சரி, உன்னை என்னவென்று கூப்பிடுகிறான்?

செல்வம்: (தயங்கி) செருபாமு சென்செய்.

வாத்தியார்: செருப்பா?

செல்வம்: செல்வம்தான் ஐயா. அவர்களுக்கு 'ல'வும் 'ர'வும் ஒன்று. சொல்லின் கடைசியில் 'ன்' தவிர வேறு மெய் நிற்காது, பின்னால் ஒரு 'உ' வந்து ஒட்டிக்கொள்ளும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். உள்ளே போனதும் 'செருபாமு' என்று வரவேற்கிறார்கள். திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வரவேண்டுமோ என்றுகூட ஒருநாள் தோன்றியது.

வாத்தியார்: சென்செய் என்பது? நன்செய், புன்செய் எனக்குத் தெரியும்.

செல்வம்: ஆசிரியர் என்று பொருள்.

வாத்தியார்: எதையும் விளைவிக்காத நிலம். புரிகிறது.

செல்வம்: உச்சரிப்புதான் பெரும்பாடு ஐயா. பாலை 'மிருக்கு' என்கிறான். முதல் முறை மிருகம் எங்கே என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பஸ் 'பாசு'. ஸ்கூல் 'சுகூரு'.

வாத்தியார்: சுகூரு எங்கே இருக்கிறது, பொள்ளாச்சிப் பக்கமா? ஏன் செல்வம், நீ மட்டும் என்ன, லண்டனிலா பிறந்தாய்? 'இஸ்கூலுக்கு பஸ்ஸு வரவில்லை சார்' என்று பாதி நாள் என் வகுப்புக்கு மட்டம் போட்டவன்தானே!

செல்வம்: அதையேதான் நானும் கவனித்தேன் ஐயா. நாம் முன்னால் ஒரு 'இ' போடுகிறோம், அவர்கள் பின்னால் ஒரு 'உ' போடுகிறார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னால் 'இசுகூரு'.

வாத்தியார்: அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீதான் தலைமையாசிரியர்.

செல்வம்: இன்னொரு வேடிக்கை. 'ஐ ஸ்கூல் கோ' என்று எழுதுகிறான்.

வாத்தியார்: உன் பழைய தாளைப் பார்த்துக் காப்பி அடித்தானா?

செல்வம்: அவர்கள் மொழியிலும் நம் மொழிபோல வினை கடைசியில்தான் வரும் ஐயா. 'பொகு வா கக்கோ நி இகு.' நான், பள்ளி, கு, போகிறேன். சொல்லுக்குச் சொல் அப்படியே வரிசை. அவன் எந்த இடத்தில் தடுக்கி விழப்போகிறான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

வாத்தியார்: பள்ளத்திலேயே குடியிருந்தவன் அல்லவா!

செல்வம்: அவனுடைய தாத்தா ஒருநாள் கேட்டார். சுசுமு ஓனோ என்ற அறிஞர் ஜப்பானியமும் தமிழும் உறவு என்று எழுதினாரே, நீங்கள் அந்தத் தமிழரா என்று. மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை என்று சொன்னேன். பெரியவர் முகம் வாடிப்போனது. மனம் கேட்காமல், தூரத்துச் சொந்தமாக இருக்கலாம் என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் ஓர் ஆரஞ்சுப் பழம் அதிகம்.

வாத்தியார்: தூரத்துச் சொந்தம் என்றால் அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கூப்பிடலாம், கடன் கேட்கக்கூடாது.

செல்வம்: ஐயா, ஒரு சந்தேகம். நாய் பலவானால் 'டாக்ஸ்', எஸ் உண்டு. ஆனால் ஒரு நாய் ஓடினால்தான் 'ரன்ஸ்' என்று எஸ் வருகிறது. பல நாய்கள் ஓடினால் 'ரன்'. ஏன் இப்படி என்று பையன் கேட்டுவிட்டான். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

வாத்தியார்: வீட்டில் இருப்பது ஒரே குடை. அதுதான் எஸ். பெயர்ச்சொல் எடுத்துக்கொண்டு போய்விட்டால் வினைச்சொல் நனையவேண்டியதுதான். பெயர்ச்சொல் குடையை வீட்டில் விட்டுப்போனால் வினைச்சொல் பிடித்துக்கொள்ளும்.

செல்வம்: (எழுதிக்கொண்டே) ஐயா, இதை எனக்கு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?

வாத்தியார்: சொன்னேன். அன்றைக்குத்தான் உனக்கு பஸ்ஸு வரவில்லை.

செல்வம்: 'தி' எங்கே போடுவது என்றும் கேட்கிறான்.

வாத்தியார்: உப்புப் போடுவதுபோல, ருசி பார்த்துத்தான். முப்பத்தொரு வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். வெளியில் சொல்லாதே.

செல்வம்: பையனுடைய அம்மாவும் ஆங்கிலத்தில் பேச ஆசைப்படுகிறார். போன மாதம் 'ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வைக்கிங் வாருங்கள்' என்றார். வைக்கிங் என்றால் பழைய காலத்துக் கடற்கொள்ளையர்கள் இல்லையா? ஏதோ படகுச் சவாரி போலிருக்கிறது என்று நினைத்து, வயிறு கலங்காமல் இருக்கப் பட்டினியாகப் போனேன்.

வாத்தியார்: படகு கவிழ்ந்ததா?

செல்வம்: படகே இல்லை. பெரிய சாப்பாட்டுக்கூடம். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் என்று ஒன்று. 1958இல் அங்கே, வேண்டியதை நாமே எடுத்துச் சாப்பிடும் முறையைக் கொண்டுவந்து, அதற்கு வைக்கிங் என்று பெயர் வைத்தார்களாம். அதுவே பொதுப் பெயராகிவிட்டது. இதெல்லாம் ஆங்கிலமே இல்லை, திருத்தலாமா என்று யோசித்தேன்.

வாத்தியார்: திருத்தாதே. நம் கடைத்தெருவில் ஹோட்டல் என்று பலகை தொங்கும் இடத்தில் போய் யாராவது கட்டில் கேட்டால் கிடைக்குமா? தோசைதான் கிடைக்கும். பட்டினியாகப் போனவன் என்ன செய்தாய்?

செல்வம்: கொள்ளையடித்தேன் ஐயா.

வாத்தியார்: பெயருக்குப் பொருத்தம். சரி, சிக்கல் சிக்கல் என்றாயே, என்ன அது?

செல்வம்: (குரல் தாழ்ந்து) போன சனிக்கிழமை இருபது கேள்விகள் கொடுத்தேன். பத்தொன்பது சரி. பத்தொன்பதுக்கும் சிவப்புப் பேனாவால் டிக் போட்டேன். உங்களைப்போலவே, வாலை ஓரம் வரை இழுத்து.

வாத்தியார்: அது எல்லாருடைய கைக்கும் வராது. பிறகு?

செல்வம்: பையன் தாளைப் பார்த்தான். உதடு துடித்தது. அழுதுவிட்டான். அவனுடைய அம்மா ஓடிவந்து பார்த்தார். மகன் சரியாக உழைக்கவில்லை, மன்னியுங்கள் என்று என் முன்னால் இடுப்பு வரை குனிந்தார். என்ன ஏது என்று தெரியாமல் நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். நானும் விடவில்லை. கடைசியில் இருவரும் மேசைக்கு அடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வாத்தியார்: பத்தொன்பது சரியாக எழுதியதற்கா?

செல்வம்: இங்கே டிக் போட்டால் தப்பு என்று பொருள் ஐயா! சரியான விடைக்கு வட்டம் போடவேண்டுமாம். 'மாரு' என்கிறார்கள்.

வாத்தியார்: வட்டமா? நம் ஊரில் அதற்கு முட்டை என்று பெயர்.

செல்வம்: கொடுமை என்னவென்றால், தப்பான அந்த ஒரே விடையைச் சுற்றித்தான் நான் வட்டம் போட்டிருந்தேன். 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்.' இது ஒன்றாவது சரியாக இருக்கிறதே என்று பையன் தாத்தாவிடம் காட்டி ஆறுதல் தேடியிருக்கிறான். தாத்தா அதை மனப்பாடம் செய்துவிட்டார். இப்போது தினமும் காலையில் நடக்கப் போகும்போது 'ஐ ஆம் கோ டு பார்க்' என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு போகிறாராம்.

வாத்தியார்: (சிரிப்பை அடக்கி) நாளைக்கு முதல் வேலையாகப் பத்தொன்பதுக்கும் வட்டம் போட்டுப் புதுத் தாள் கொடு.

செல்வம்: தாத்தாவை என்ன செய்வது?

வாத்தியார்: அவரை விட்டுவிடு. பூங்காவுக்குப் போய்ச் சேர்கிறார் இல்லையா?

செல்வம்: மிக நன்றாக எழுதியிருந்தால் வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கிவிடுவார்கள் ஐயா. 'ஹனமாரு.' ஹன என்றால் பூ. அதுவும் ஒன்று போட்டுவிடவா?

வாத்தியார்: போடு, போடு. ஏன் செல்வம், உன் காலாண்டுத் தாளில் முதல் பக்கத்திலேயே நான் ஒரு வட்டம் போட்டேனே...

செல்வம்: பூஜ்யம் ஐயா.

வாத்தியார்: அதை மடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்நேரம் உன்னைப் பேராசிரியராக்கியிருப்பார்கள்.

(இருவரும் சிரிக்கிறார்கள். வாத்தியார் மடியிலிருக்கும் ஒரு விடைத்தாளைக் கையில் எடுக்கிறார். சிரிப்பு மெல்ல நிற்கிறது.)

வாத்தியார்: இங்கே டியூஷனுக்கு ஒரு பையன் வருகிறான். டீக்கடையில் வேலை செய்கிறவரின் மகன். ஆறு மாதமாக என்னிடம் வட்டம்தான் வாங்குகிறான். அந்தப் பூவை எங்கிருந்து தொடங்குவார்கள்?

செல்வம்: நடுவிலிருந்து ஐயா. சுருளாகச் சுற்றிக்கொண்டே வெளியே வரவேண்டும். பிறகு சுற்றிலும் இதழ்கள்.

வாத்தியார்: எத்தனை இதழ்?

செல்வம்: கணக்கில்லை, கைக்கு வந்தபடி. ஐயா, அந்த 150 ரூபாயை இன்றைக்கே...

வாத்தியார்: கொஞ்சம் சும்மா இரு. இரண்டாவது இதழ் கோணலாகிவிட்டது.