பயம் மட்டும்தான் காரணமா?
இலங்கையில் தமிழ், முஸ்லிம் ஆட்கள் இரத்ததானத்துக்கு வராததற்கு மூடநம்பிக்கையால் வரும் பயம்தான் முதல் காரணம் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அம்மம்மாவுக்கு அந்தப் பயம் இருந்தது, எனக்கு இல்லை. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு பொசன் போயா (பௌத்தர்களின் முழுநிலா நாள்) அன்று அலுவலக நண்பனோடும் தங்கச்சியோடும் பௌத்த விகாரை மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போனேன், அங்கே கேட்டதெல்லாம் சிங்களத்தில், என் சிங்களம் கடையில் சாமான் வாங்கத்தான் காணும், அதனால் மஞ்சள் காமாலை வந்ததா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதிலிருந்து அந்தரங்க உறவு பற்றிய கேள்வி வரைக்கும் மொழிபெயர்க்க நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது. தங்கச்சியின் விரலில் குத்தி எடுத்த இரத்தத் துளி, பரிசோதிக்க வைத்திருந்த நீலத் தண்ணீரில் தாழாமல் மிதந்தது, அதாவது இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு கொடுப்பதற்குத் தேவையான 12.5 கிராமுக்குக் கீழே. இரும்புச்சத்து குறைவு, கீரை, மீன் சாப்பிட்டுத் தேறியதும் வாங்க என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லை. தன் இரத்தம் வேண்டாம் என்றுவிட்டார்கள் என நினைத்தவள் இன்றுவரை போகவில்லை. அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் 'சொந்தக்காரருக்கு என்றால் மட்டும் ஓடி வருவார்கள்' என்று எழுதியிருக்கிறார், சரி, அப்படி ஓடி வருகிறவர் ஊசிக்குப் பயந்தவர் இல்லையே? அப்புறம் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் கொடுத்தேன், தமிழ் பேசும் தாதி ஒருவர் இருந்தார், 'தம்பி, காலையில் சாப்பிட்டீங்களா' என்று அவர் கேட்டதிலேயே பாதிப் படபடப்பு போய்விட்டது. பள்ளிவாசல் பக்கம் நோன்பு மாதத்தில் முகாம் வைப்பதானால் பகலில் வைக்காமல் இரவுத் தொழுகைக்குப் பிறகு வையுங்கள், ஆட்கள் வருவார்கள்.