ஊர்ப் பெயர் நம் ஆட்களுக்குப் புதிதல்ல

பிள்ளைக்கு ஊரின் பெயரை வைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதை என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்பிலேயே சான்று உண்டு. சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானவர். அருணாசலம் என்பது திருவண்ணாமலை. தகப்பனார் பெயரான பொன்னம்பலம் தில்லைக் கோயிலின் பொற்சபை. ஆக, ஒரே மனிதரின் பெயருக்குள் இரண்டு தலங்கள்! கொச்சிக்கடையில் அந்தத் தகப்பனார் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலை இரண்டாவது மகன் இராமநாதன் பிறகு கருங்கல்லில் எழுப்பினார். கும்பிடப் போகிறவர்கள் அந்தத் தூண்களைத் தொட்டுப் பாருங்கள்.

கதிர்காமமும் அப்படித்தான், கதிர்காமர் என்று ஆளின் பெயராகிவிட்டது.

சரி, ஊரா ஆளா என்று குழம்பாதா? குழம்பாது. 'சிதம்பரத்தில் இறங்கினேன்' என்றால் ஊர், 'சிதம்பரத்திடம் கொடுத்தேன்' என்றால் ஆள். வேற்றுமை உருபே காட்டிக்கொடுத்துவிடும்.

என் மனவருத்தம் வேறு. இப்போது பல வீடுகளில் அருணாசலம், சிதம்பரம் எல்லாம் தாத்தாமாரின் முதலெழுத்தாகச் சுருங்கிவிட்டன. பேரப்பிள்ளைகளுக்கு அந்த 'அ' எதைக் குறிக்கிறது என்றாவது சொல்லிக்கொடுங்கள்.