வைஃபை பெயரை மறைத்தால் பாஸ்வேர்டு வேண்டாமா?

ரூட்டரில் எஸ்எஸ்ஐடியை, அதாவது வைஃபை பெயரை, மறைத்துவிட்டால் வெளியாட்களால் கண்டுபிடிக்க முடியாது, பாஸ்வேர்டும் தேவையில்லை என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்லங்க. மறைக்கும்போது ரூட்டர் நொடிக்குச் சுமார் 10 முறை அனுப்பும் அறிவிப்பில் பெயர் இருக்கும் இடம் மட்டுமே காலியாகிறது. சிக்னல் அப்படியே வந்துகொண்டிருக்கும். அப்புறம், உங்கள் போன் இணையும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை வெளிப்படையாகவே அனுப்புகிறது.

நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் பெயரில்லாத மறைந்த நெட்வொர்க் ஒன்று தெரியும். மானிட்டர் மோடு (சுற்றியுள்ள எல்லா வைஃபை சிக்னலையும் கேட்கும் வசதி) உள்ள வைஃபை அடாப்டர் இருந்தால் கிஸ்மெட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, போனைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். பெயர் திரையில் வந்துவிடும். அதனால் தயவுசெய்து பாஸ்வேர்டை எடுத்துவிடாதீர்கள். ரூட்டரின் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டை நீளமாகவே வையுங்கள்.