காது மடலுக்கும் வேலை கொடுங்கள்

காதுக்குழாய்க்குள் செருகிக் கேட்கும் ஐஇஎம் (இன்-இயர் மானிட்டர்) வாங்குவதா, காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போன் வாங்குவதா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்? அமைதியான அறையும், ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத சூழலும் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓப்பன் பேக், அதாவது கிண்ணத்தின் பின்பக்கம் மூடாத பெரிய ஹெட்போன். அந்த அமைதி கிடைக்காது என்றால் ஐஇஎம். எதில் எத்தனை டிரைவர் (ஒலியை எழுப்பும் உறுப்பு), எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம் பேசவேண்டிய விஷயம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் 'டீடெயில்' பற்றியே பேசுகின்றன. பாடகர் மூச்சு இழுப்பது கேட்கிறது, கிட்டார் கம்பியில் விரல் உரசுவது கேட்கிறது, ஆகவே இது உசத்தி என்கிறார்கள். நல்ல ஐஇஎம்மில் அதெல்லாம் தெளிவாகக் கேட்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மூச்சுச் சத்தம் கேட்டுவிட்டதாலேயே பாட்டுக்குள் போய்விட்டோம் என்று ஆகாது. கருவிகள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்க, நடுவில் நாம் உட்கார்ந்திருக்கும் உணர்வு வரவேண்டும். கொஞ்ச நேரத்தில் காதில் ஏதோ மாட்டியிருக்கிறோம் என்பதே மறந்துபோக வேண்டும். எனக்கு அதுதான் மூழ்கிக் கேட்பது. அதில் பெரிய ஹெட்போனுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அந்தச் சாதகத்தைக் கொடுப்பது நம்முடைய காது மடல்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது ஒரு சாவிக்கொத்தை உங்கள் முகத்துக்கு நேரே ஆட்டச் சொல்லுங்கள். பிறகு நெற்றிக்கு மேலே, பிறகு மோவாய்க்குக் கீழே. எங்கிருந்து வருகிறது என்று சட்டென்று கை நீட்டிவிடுவீர்கள். இப்போது இரண்டு காது மடல்களையும் விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். சத்தம் கேட்கும், ஆனால் மேலா கீழா என்பதில் தடுமாற்றம் வந்துவிடும். இடம் வலம் தெரிய, இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசமும் அளவு வித்தியாசமும் போதும். முன்னா பின்னா, மேலா கீழா என்று தெரிய மடலின் மடிப்புகள் வேண்டும். அந்த மடிப்புகளில் பட்டு வரும் ஒலி, நேராக வரும் ஒலியோடு கலக்கும்போது உயர் அதிர்வெண்களில் சில கூடும், சில குறையும். திசைக்குத் திசை இந்தக் கணக்கு மாறும். ஒவ்வொருவர் மூளையும் அவரவர் காதின் கணக்கைப் படித்து வைத்திருக்கிறது.

1998இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலருடைய மடல் மடிப்புகளில் அச்சு வைத்து, காதின் வடிவத்தையே மாற்றிப் பார்த்தார்கள். மேல் கீழ் கண்டுபிடிக்கும் திறன் உடனே குலைந்தது. சில வாரங்கள் அந்த அச்சோடே நடமாடிய பிறகு மூளை புது வடிவத்தைக் கற்றுக்கொண்டது. அச்சை எடுத்ததும் பழைய காதும் அப்படியே வேலை செய்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. கேட்பது என்ற காரியத்தில் இந்தச் சதை மடிப்புக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது பாருங்கள்.

ஐஇஎம் அந்த மடலைத் தொடாமலே உள்ளே போய்விடுகிறது. அதோடு நிற்பதில்லை. நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். உள்முனையில் செவிப்பறை அதை மூடியிருக்கிறது. அந்த நீளத்தால் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை அது இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும். ஐஇஎம்மைச் செருகியதும் குழாயின் வாயும் அடைபட்டு, அந்த ஒத்ததிர்வு இடம் மாறிவிடும். மூளைக்குப் பழக்கமான அந்த மேட்டை டிரைவரே போட்டுத் தரவேண்டும். போதாததற்கு 8000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் புதிதாக ஒரு கூர் முளைக்கிறது. எவ்வளவு ஆழம் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அது முன்னே பின்னே நகரும். ஒரே ஐஇஎம் ஒருவருக்கு இதமாகவும் இன்னொருவருக்கு 'ஸ' வரும்போதெல்லாம் குத்துவதாகவும் இருக்கிறதே, அதற்கு இது முக்கியமான காரணம். பெரிய ஹெட்போனிலும் ஆளுக்கு ஆள் மாற்றம் உண்டு. ஆனால் அங்கே ஒலி உங்கள் மடலில் பட்டு, உங்கள் குழாய் வழியாகத்தான் போகிறது. அதனால் காதுக்குப் பழகிய ஒலியாக இருக்கிறது.

ஒரு குரல், ஒரு வயலின், மிருதங்கம், தம்புரா. இந்த நான்கு மட்டும் உள்ள நல்ல பதிவு ஒன்றை இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். ஐஇஎம்மில் குரல் இரு புருவத்துக்கும் பின்னால், மண்டைக்குள் உட்காரும். வயலின் ஒரு காதோடு ஒட்டிக்கொள்ளும். மிருதங்கம் இன்னொரு காதருகில். அதன் தொப்பிப் பக்கத்துக் கும்காரம் மட்டும் அபாரமாக இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். ஓப்பன் பேக்கில் குரல் கொஞ்சம் முன்னே நகர்ந்து நெற்றிக்கு வெளியே வரப் பார்க்கும். வயலின் காதை விட்டு ஒரு சாண் விலகும். ஐஇஎம்மில் ஒரு கோடு மாதிரி ஓடிக்கொண்டிருந்த தம்புரா, இங்கே அறை முழுக்கப் பரவி நிற்கும். நான்கு பேருக்கும் இடையில் காற்று இருப்பது தெரியும். அந்தக் காற்றுக்காகத்தான் நான் ஓப்பன் பேக் பக்கம் பேசுகிறேன்.

மிகைப்படுத்தக்கூடாது என்பதால் இதையும் சொல்லவேண்டும். எந்த ஹெட்போனும் பாடகரை ஆறடி தள்ளி எதிரே நிறுத்தாது. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி கொஞ்சம் தாமதமாக வலது காதுக்கும் வந்து சேரும்; ஹெட்போனில் அது நடக்காது. பெரும்பாலான இசையோ ஸ்பீக்கரை மனதில் வைத்து மிக்ஸ் செய்யப்படுகிறது. ஆகவே ஒலி தலையைச் சுற்றித்தான் நிற்கும். ஆனால் தலைக்குள் நிற்பதற்கும் தலையைச் சுற்றி நிற்பதற்கும் வித்தியாசம் பெரிது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் எச்டி 414 ஹெட்போனைக் கொண்டுவந்து ஓப்பன் பேக் வகைக்கு வழி திறந்தது. 2009இல் வந்த அவர்களுடைய எச்டி 800இல், 56 மில்லிமீட்டர் வளைய டிரைவரைக் காதுக்கு நேராக வைக்காமல் சற்று முன்னால் சாய்த்து வைத்தார்கள். ஒலி முன்பக்கத்திலிருந்து மடலில் பட்டுப் போகட்டும் என்பதுதான் நோக்கம். பின்பக்கம் மூடாததால் டிரைவருக்குப் பின்னால் போகும் ஒலி கிண்ணத்துக்குள் மோதித் திரும்பி வருவதும் வெகுவாகக் குறைகிறது.

சரி, ஐஇஎம்முக்கு வருகிறேன். பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி விஷயத்தில் ஓப்பன் பேக் அதனிடம் தோற்றுத்தான் போகும். அடைபட்ட காதுக்குழாயில் இருக்கும் காற்று மிகக் கொஞ்சம். அதை அழுத்தி இழுக்க 10 மில்லிமீட்டர் டிரைவரே தாராளம். 20 ஹெர்ட்ஸ் வரை தளராமல் இறங்கும். மிருதங்கத்தின் தொப்பி அப்படிக் கேட்பதற்கு அதுதான் காரணம். ஓப்பன் பேக்கில் காற்று தப்பித்துப் போவதால், பெரும்பாலான மாடல்களில் அடிமட்ட பேஸ் மெலிந்துவிடும். சினிமாப் பின்னணி இசை, எலக்ட்ரானிக் இசை மட்டுமே கேட்பவர் என்றால் இந்தக் குறை உங்களை நிச்சயம் உறுத்தும். இன்னொன்று: ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்து உருவாக்கிய விருப்ப வளைவுகளில் (எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலித்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்று காட்டும் கோடுகள்), காதுக்குள் செருகும் வகைக்குப் பேஸ் அளவு பெரிய ஹெட்போனைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

ஆனால் இந்தப் பேஸ் எல்லாம் டிப், அதாவது ஐஇஎம்மின் முனையில் மாட்டும் மெத்தென்ற உறை, காதைச் சரியாக அடைத்தால்தான். ஒரு மயிரிழை இடைவெளி போதும், முதலில் காணாமல் போவது பேஸ்தான். 'இந்த ஐஇஎம் கீச்சென்று இருக்கிறது' என்று சொல்பவர்கள் டிப்பை மாற்றிப் பார்க்காமலே விற்றுவிடுகிறார்களே என்று எனக்கு ஆதங்கம். எதிர்க்கையால் மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பிடியுங்கள். லேசாகத் திருகியபடி செருகுங்கள். பிறகு வாய்விட்டு ஏதாவது பேசுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கனமாகக் கேட்டால் அடைத்திருக்கிறது. ஒரு காதில் கனமாகவும் இன்னொன்றில் சாதாரணமாகவும் கேட்டால், சாதாரணமாகக் கேட்கும் காதுக்கு வேறு அளவு டிப் வேண்டும். இரண்டு காதும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. ஃபோம் டிப் என்றால் விரலில் உருட்டிச் சுருக்கிச் செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். செருகியதும் கையை எடுத்தால் நழுவி வெளியே வந்துவிடும்.

இந்தக் கருவி வளர்ந்த இடத்தை நினைத்துப் பார்த்தால் அதன் குணம் இன்னும் விளங்கும். காது கேளாதோருக்கான செவித்துணைக் கருவிகளில் பயன்பட்டு வந்த பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற சின்ன வகை டிரைவரை வைத்து எடிமோட்டிக் நிறுவனம் 1991இல் ஈஆர்-4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தது. 1995இல் ஜெர்ரி ஹார்வி, வான் ஹேலன் இசைக்குழுவின் டிரம்மருக்காக மேடையில் பயன்படுத்தும் ஐஇஎம்மைச் செய்து கொடுத்தார். மேடை இரைச்சலுக்கு நடுவே, தான் வாசிப்பதைத் தானே தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதுதான் அங்கே தேவை. இன்றைக்கும் வாசிக்கப் பழகுபவர்களுக்கும், ஒரு பாட்டில் எந்தக் கருவி எங்கே நுழைகிறது என்று பிரித்துக் கேட்பவர்களுக்கும் நான் ஐஇஎம்மைத்தான் சொல்வேன். பிரித்துக் காட்டுவதில் அது கெட்டிக்காரக் கருவி.

வெளிச்சத்தம் இருக்கும் இடத்தில் போட்டியே இல்லை. ஆழமாக உட்காரும் ஐஇஎம் பேட்டரி இல்லாமலே சுற்றுச் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடும். இது வெறும் வசதி சம்பந்தப்பட்டது இல்லை. பஸ், ரயிலின் உறுமல் பாட்டின் கீழ்ஸ்தாயியை விழுங்கிவிடுவதால்தான் நாம் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பத்து டெசிபல் கூடியதும் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. பயணத்தில் ஓப்பன் பேக் மாட்டிக்கொண்டு சத்தத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, நன்றாக அடைக்கும் ஐஇஎம்மில் குறைந்த அளவில் கேட்பது காதுக்குச் செய்யும் பெரிய உபகாரம். நடக்கும்போது மட்டும் அதுவும் சிரமம். அடைத்த காதில் உங்கள் காலடி திம் திம் என்று கேட்கும், ஒயர் சட்டையில் உரசுவதும் கேட்கும்.

பின்பக்கம் மூடிய குளோஸ்ட் பேக் ஹெட்போன், வெளிச்சத்தத்தை மின்னணு முறையில் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. கண்ணாடி போடுபவர்கள் மட்டும் கவனிக்கவேண்டும். கண்ணாடிக் கம்பி மெத்தைக்கும் தலைக்கும் நடுவே வழி விட்டால் அங்கேயும் பேஸ் ஒழுகிவிடும். ஒயர்லெஸ்ஸா ஒயரா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் மின்தடை கொண்ட ஹெட்போனை நேரே போனில் செருகினால் தெம்பில்லாமல் கேட்கும், அதற்கு ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) வேண்டும் என்பதை மட்டும் வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

என் கட்சிக்கு எதிரான ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அத்தனை அழகு. பைனாரல் பதிவு என்று ஒன்று உண்டு. மனிதத் தலையைப் போலவே செய்த பொம்மைத் தலையின் காதுகளுக்குள் மைக் வைத்துப் பதிவு செய்வார்கள். அதில் காது மடலின் கணக்கு பதிவிலேயே ஏறியிருக்கும். அதைப் பெரிய ஹெட்போனில் கேட்டால் உங்கள் மடலும் தன் பங்குக்கு ஒரு முறை மாற்றிவிடும். ஐஇஎம் மடலைத் தாண்டிப் போவதால் இங்கே அதுவே லாபம். பொம்மையின் காது உங்கள் காதோடு ஓரளவு ஒத்துப்போனால், பின்னால் கதவு திறக்கும் சத்தத்துக்கு நிஜமாகவே திரும்பிப் பார்ப்பீர்கள். ஒத்துப்போகாவிட்டால் முன்னால் கேட்கவேண்டியது உச்சந்தலையில் கேட்கும். காதைப் படம் பிடித்து, அவரவர் மடலுக்கு ஏற்பக் கணக்குப் போட்டு, ஒலி சுற்றிலும் இருந்து வருவதுபோல் கேட்கவைக்கும் ஸ்பேஷியல் ஆடியோ இந்தத் தடையைத்தான் தாண்டப் பார்க்கிறது. அது முழுமையாகக் கைகூடினால் நான் இங்கே சொன்னதில் பாதியை மாற்றி எழுதவேண்டி வரும், சந்தோஷமாகவே எழுதுவேன்.

அதுவரை, வாங்குமுன் இரண்டையும் இரவல் வாங்கியாவது கேட்டுவிடுங்கள். ஒலியளவு இரண்டிலும் சமமாக இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும், அது காதின் இயல்பு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பார்க்காமல், ஒன்றில் ஒரு முழு ஆல்பத்தைக் கேளுங்கள், மறுநாள் மற்றதில் அதே ஆல்பம். ஓப்பன் பேக்கில் ஒலி வெளியேயும் நன்றாகக் கேட்கும் என்பதால், அதே அறையில் யாரும் தூங்காத நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.